“ஐயா, இத்தனை டெஸ்ட் எதற்கு?”
மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோயை ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும் விதம்



“ஐயா, முதுகுவலி என்று வந்த மனுஷனிடம் மூத்திரத்தை ஏன் கேட்கிறார்கள்? காலையில் ரத்தம் எடுத்தார்கள், மத்தியானம் மறுபடியும் எடுத்தார்கள். நாளைக்கு இடுப்பெலும்பில் ஊசி போடப் போகிறார்களாம். இத்தனை டெஸ்ட் எதற்கு?”

ஆண்கள் வார்டின் வராந்தாவில் ஒரு தாயார் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய கணவர் கொத்தனார், வயது 58. எட்டு மாதமாக முதுகுவலி. சாரத்தில் ஏறி இறங்குகிற ஆளுக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். தைலம், பெல்ட், வலி மாத்திரை, ஊசி என்று மாதங்கள் ஓடிவிட்டன. பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, சாப்பாடு பிடிக்கவில்லை, கால்கள் வீங்கின. அதன் பின்புதான் எங்களிடம் வந்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டையும் பார்க்கும்போது அந்த அம்மாளுக்குக் கையிலிருக்கும் பணத்தின் கணக்குதான் கண்முன் நின்றது. அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. எங்கள் ஆய்வுக்கூடத்தைத் தாங்கும் உங்களுக்கும் அதே கேள்வி எழலாம்.

நான் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன், மருத்துவம் படித்தவனல்ல. எங்கள் டாக்டர்களும் லேபில் வேலை செய்யும் தம்பி தங்கைகளும் பொறுமையோடு எனக்குச் சொல்லித் தந்ததையே இங்கு எழுதுகிறேன். இந்த நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா. ‘முயெலோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை என்று பொருள். எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும் சொல்தான் அது. நமது பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் ‘ஊன்’ என்று இருக்கிறது. நோயின் இருப்பிடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

காவல்காரன் கலகக்காரன் ஆகும்போது

நம்முடைய எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒரு வகை உயிரணுக்கள் உண்டு. உடலுக்குள் நுழையும் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, உண்டாக்குவது அவற்றின் வேலை. ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் ஒரே வகையான ஆன்டிபாடியை மட்டுமே செய்யும். பலவிதமான செல்கள் இருப்பதால் பலவிதமான ஆன்டிபாடிகள் நம் இரத்தத்தில் கலந்திருக்கின்றன. ஆரோக்கியமானவரின் மஜ்ஜையில் இந்தச் செல்கள் சொற்பமே. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

ஏதோ ஒரு பிளாஸ்மா செல் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுவே மைலோமா. அப்போது நான்கு விதமான சேதம் உண்டாகிறது. மஜ்ஜையில் இடம் நெருக்கப்படுவதால் சிவப்பணுக்கள் குறைந்து இரத்தசோகை வருகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்படுவதால் எலும்பில் ஓட்டைகள் விழுகின்றன. கரைந்த எலும்பின் கால்சியம் இரத்தத்தில் சேருகிறது. அளவுக்கு மீறி உண்டாகும் புரதத் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றன. இந்நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘நண்டு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் இதை நினைவில் வைக்கிறார்கள். இவை தவிர, நல்ல ஆன்டிபாடிகள் குறைந்துபோவதால் நிமோனியா போன்ற தொற்றுகளும் அடிக்கடி வரும்.

இப்போது கவனியுங்கள். முதுகுவலிக்கு எலும்பு மருத்துவரிடம் போவோம். சோகைக்கு இரும்புச்சத்து டானிக் வாங்குவோம். கால் வீங்கினால் சிறுநீரக மருத்துவரைத் தேடுவோம். நோய் ஒன்றே, ஆனால் அது மூன்று கதவுகளை வெவ்வேறு வேஷத்தில் தட்டுகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் காட்டுகிற இடம் ஆய்வுக்கூடம்தான்.

இலண்டனிலிருந்து ஒரு புட்டி

முதுகுவலிக்கு மூத்திரத்தை ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை 1845ஆம் ஆண்டில் இருக்கிறது. இலண்டனில் ஒரு வியாபாரி இருந்தார். அதற்கு முந்தின ஆண்டு விடுமுறைக்குச் சென்ற இடத்தில் ஒரு நிலவறையிலிருந்து தாவி ஏறியபோது, மார்புக்குள் ஏதோ முறிந்தது போன்ற வலி அவருக்கு உண்டாயிற்று. அக்கால வழக்கப்படி பிளாஸ்திரி போட்டார்கள், அட்டை விட்டார்கள், இரத்தம் வடித்தார்கள். ஏற்கனவே இரத்தம் குறைந்துபோன மனிதருக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இடையில் சற்றுத் தேறினார். ஆனால் வலி திரும்பி வந்தது, உடலும் வீங்கியது.

1845 அக்டோபர் கடைசியில் வில்லியம் மெக்கின்டயர் என்னும் மருத்துவர் அவரைப் பார்த்தார். வீக்கத்தைக் கண்டு சிறுநீரைச் சோதித்தார். அது வினோதமாக நடந்துகொண்டது. அவரும் குடும்ப மருத்துவரான தாமஸ் வாட்சனும், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவருக்கு மாதிரிகளை அனுப்பி, இது என்ன பொருள் என்று கேட்டார்கள். வாட்சனின் குறிப்பு 1845 நவம்பர் 1ஆம் தேதியிட்டது. பென்ஸ் ஜோன்ஸுக்கு அப்போது வயது 31.

முட்டையின் வெள்ளைக்கருவை வேகவைத்தால் அது உறைந்துவிடும், மறுபடி இளகாது. சிறுநீரில் சாதாரணமாகக் கலந்துவரும் ஆல்புமின் என்னும் புரதமும் அப்படியே. ஆனால் அந்த வியாபாரியின் சிறுநீரில் இருந்த புரதமோ சூட்டில் கரைந்தது, ஆறினால் உறைந்தது, சூடாக்கினால் மறுபடியும் கரைந்தது. அவர் ஒரு நாளில் 60 கிராமுக்கும் மேல் இந்தப் புரதத்தை இழக்கிறார் என்று பென்ஸ் ஜோன்ஸ் கணக்கிட்டார்.

1846 ஜனவரி 1ஆம் தேதி அந்த வியாபாரி இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் விலா எலும்புகள் கத்தியால் வெட்டும்படி மெதுவாயிருந்தன. எலும்பு மெலிந்தவர்களிடம் இந்தப் புரதத்தை மறுபடியும் தேடிப் பார்க்க வேண்டும் என்று பென்ஸ் ஜோன்ஸ் எழுதிவைத்தார். அவருடைய கட்டுரைகள் 1847, 1848ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. புரதம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. படுக்கையருகில் நின்று முதலில் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்த மெக்கின்டயரின் கட்டுரை 1850இல்தான் வந்தது. அவர் பெயரை அறிந்தவர் சிலரே. 1962இல் எடெல்மன், கேலி என்னும் இரு விஞ்ஞானிகள் அந்தப் புரதம் ஆன்டிபாடியின் ஒரு துண்டே என்று காட்டினார்கள். ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க 117 ஆண்டுகள் ஆயின.

ஆகவே அந்த அம்மாளிடம் நான் சொன்னது இதுதான்: “அம்மா, வலி எலும்பில் இருக்கிறது, ஆனால் அந்த நோய் தன் கையெழுத்தை மூத்திரத்தில் போட்டுவிட்டுப் போகிறது.”

முதற்படி: எளிய பரிசோதனைகள்

முதலில் செய்யப்படுபவை சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை. ஹீமோகுளோபின் எவ்வளவு, கிரியாட்டினின் கூடியிருக்கிறதா, கால்சியம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஈ.எஸ்.ஆர். என்னும் பரிசோதனையில் இரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகின்றன என்று அளக்கிறார்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் மிக அதிகமாக இருக்கும்.

ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, சிவப்பணுக்கள் தனித்தனியே நில்லாமல் நாணயங்களை அடுக்கிவைத்தது போல ஒட்டி நிற்பது தெரியலாம். இரத்தத்தில் புரதம் மிகுந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம்.

அடுத்து, இரத்தத்தின் மொத்தப் புரதத்தையும் ஆல்புமினையும் அளக்கிறார்கள். மொத்தப் புரதம் 100 மில்லிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருப்பது வழக்கம். அதில் பாதிக்கு மேல் ஆல்புமின். மைலோமாவில் மொத்தம் ஏறியும் ஆல்புமின் இறங்கியும் காணப்படுவதுண்டு. அப்படியானால் மிகுதியாய் இருக்கும் மற்றப் புரதம் எது என்று கேள்வி எழ வேண்டும்.

இவற்றில் எதுவும் தனியே நோயை நிரூபிக்காது. நமது நாட்டில் முதுகுவலியும் எடைக்குறைவும் ஈ.எஸ்.ஆர். ஏற்றமும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய் என்ற சந்தேகம் வருவது இயல்பு. அதனால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: மேடா, கோபுரமா?

இரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு துளியை ஜெல் என்னும் கூழ்ப்படலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், அதிலுள்ள புரதங்கள் தத்தம் மின்னூட்டத்திற்கு ஏற்றபடி வெவ்வேறு தூரம் ஓடி நிற்கும். இதற்கு எலக்ட்ரோஃபோரிசிஸ் என்று பெயர். இந்த முறையைச் செம்மைப்படுத்தி 1937இல் வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ் 1948இல் நோபல் பரிசு பெற்றார்.

ஓடி நின்ற புரதங்களை வரைபடமாக்கினால், ஆன்டிபாடிகள் இருக்கும் பகுதி சாதாரணமாக ஒரு தாழ்ந்த அகன்ற மேடு போலத் தெரியும்; அங்கே பலவிதமான ஆன்டிபாடிகள் பரவி நிற்பதே காரணம். மைலோமாவிலோ ஒரே செல்லின் சந்ததி ஒரே புரதத்தையே செய்துகொண்டிருப்பதால், எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். மேடு இருந்த இடத்தில் தேவாலயக் கோபுரம் போல ஒரு கூர்மையான முனை எழும்பும். தொற்றுநோய்களிலும் ஆன்டிபாடிகள் கூடும்; ஆனால் அப்போது மேடுதான் உயரும், கோபுரம் எழாது. இந்த வித்தியாசத்தை ஒருமுறை படத்தில் பார்த்தவர் மறக்கமாட்டார். எங்கள் லேபில் முதன்முதல் எனக்குக் காட்டியபோது எனக்கும் அப்படியே இருந்தது.

கோபுரத்தைக் கண்டபின், அது எந்த வகை ஆன்டிபாடி என்று அறிய இம்யூனோஃபிக்சேஷன் என்னும் பரிசோதனை செய்கிறார்கள். கண்ணுக்குத் தப்பும் சிறிய அளவையும் அது காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: துண்டுகளைத் தேடுதல்

நோயாளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு முழு ஆன்டிபாடி உண்டாவதில்லை. லைட் செயின் எனப்படும் சிறு துண்டு மட்டுமே உண்டாகிறது. பென்ஸ் ஜோன்ஸ் கண்டது இதையே. இது சிறிதாகையால் சிறுநீரில் வடிந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் கோபுரம் தெரியாமலே போகலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் காகிதப் பட்டை பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும். லைட் செயினைக் காட்டாது. பட்டையில் ‘இல்லை’ என்று வந்தும் சிறுநீரில் புரதம் ஏராளமாக இருக்கக்கூடும். ஆகவேதான் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரிக்கச் சொல்லி, அதையும் எலக்ட்ரோஃபோரிசிஸ் செய்கிறார்கள். வார்டில் கட்டிலடியில் இருக்கும் பெரிய கேனைக் கண்டு நோயாளிகள் வெட்கப்படுவதுண்டு. அதன் காரணத்தைச் சொன்னால் ஒத்துழைக்கிறார்கள்.

2001ஆம் ஆண்டு முதல் இரத்தத்திலேயே இந்தத் துண்டுகளை அளக்கும் முறையும் வந்திருக்கிறது. லைட் செயினில் கப்பா, லாம்டா என இரு வகை உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குக் கப்பாவை லாம்டாவால் வகுத்த விகிதம் 0.26க்கும் 1.65க்கும் இடையில் இருக்கும். ஒரு பக்கம் வெகுவாகச் சாய்ந்தால் ஒரே சந்ததி பெருகுகிறது என்று பொருள். இந்தத் துண்டுகள் இரத்தத்தில் சில மணி நேரமே தங்குவதால், மருந்து வேலை செய்கிறதா என்பதையும் சீக்கிரம் அறியலாம்.

ஏன் ஒன்று போதாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003இல் 1,027 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. இரத்த எலக்ட்ரோஃபோரிசிஸில் மட்டும் நோயின் புரதம் தெரிந்தது 82 சதவீதத்தினருக்கு. இன்னும் நுட்பமான இரத்தப் பரிசோதனை செய்தபோது 93 சதவீதம். சிறுநீரையும் சேர்த்துப் பார்த்தபோது 97 சதவீதம். எலக்ட்ரோஃபோரிசிஸோடு நின்றிருந்தால் நூறில் பதினெட்டுப் பேருக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

நான்காம் படி: மஜ்ஜை

நோயாளிகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, கனமான ஓர் ஊசியால் சிறிதளவு மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறார்கள். கூடவே நூல்போன்ற ஓர் எலும்புத் துணுக்கையும் எடுக்கிறார்கள். உறிஞ்சும் நொடியில் சுரீரென்று வலிக்கும். அதை மறைக்காமல் நான் முன்னதாகவே சொல்லிவிடுவேன். தண்டுவடத்தில் போடும் ஊசி இதுவல்ல. கால் விழுந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

மைக்ராஸ்கோப்பில் பிளாஸ்மா செல்லை அடையாளம் காண்பது எளிது. அதன் உட்கரு நடுவில் இராமல் ஓரமாக ஒதுங்கியிருக்கும். சுற்றிலும் ஆழ்ந்த நீலம். இவை நூற்றுக்கு 10 அல்லது அதற்கு மேல் இருந்து, ஒரே சந்ததியைச் சேர்ந்தவை என்றும் உறுதியாகி, முன் சொன்ன நான்கு சேதங்களில் ஒன்றாவது இருந்தால் அது மைலோமா. சேதம் தோன்றுமுன்பே ஆபத்தைக் காட்டும் மூன்று அடையாளங்களை 2014இல் சர்வதேச நிபுணர் குழு சேர்த்தது: மஜ்ஜையில் இந்தச் செல்கள் 60 சதவீதத்தை எட்டுவது, லைட் செயின் விகிதம் 100 மடங்கு சாய்வது, எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள் தெரிவது. அதே மஜ்ஜையில் குரோமோசோம்களையும் சோதித்து, நோயின் வேகத்தை ஓரளவு கணிக்கிறார்கள்.

எலும்பின் நிலையை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டும். ஆனால் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியவேண்டுமானால் அந்த இடத்தில் எலும்பு ஏற்கனவே பெருமளவு கரைந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பது முழு ஆறுதல் அல்ல.

கோபுரமெல்லாம் புற்றுநோய் அல்ல

பரிசோதனைகள் நோயைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல, வீண் பயத்தை நீக்கவும் வேண்டியிருக்கின்றன. 2006இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 21,463 பேரைச் சோதித்த ஆய்வு வெளியானது. அவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் இந்த ஒற்றைப் புரதம் இருந்தது. ஆனால் நோய் இல்லை. இப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் வீதமே மைலோமா போன்ற நோய்க்கு மாறுகிறார்கள். இவர்களுக்கு மருந்து வேண்டாம். குறித்த காலத்தில் மறுபரிசோதனை போதும். ‘கேன்சர்’ என்ற சொல்லைக் கேட்டு உடைந்துபோய் வந்தவர்களிடம், இல்லை என்று மஜ்ஜையின் சாட்சியோடு டாக்டர் சொல்லும்போது அருகில் நின்றிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

50 வயதைத் தாண்டியவருக்கு முதுகிலோ விலாவிலோ வலி வாரக்கணக்கில் விடாமல் இருக்கிறதா? டானிக் குடித்தும் சோகை தீரவில்லையா? கிரியாட்டினின் காரணமின்றி ஏறுகிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால், “டாக்டர், புரதப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். மருந்துக் கடையில் நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் இந்த நோயில் சிறுநீரகத்துக்கு இரட்டிப்பு ஆபத்து.

மைலோமாவைப் பெரும்பாலும் அடியோடு நீக்க முடிவதில்லை. ஆனால் இப்போதுள்ள மருந்துகளாலும், தகுதியுள்ளவர்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையாலும், பலர் பல ஆண்டுகள் நல்ல நிலையில் வாழ்கிறார்கள். சிறுநீரகம் முற்றிலும் கெடுவதற்குமுன் சிகிச்சை தொடங்கினால் அது தேறவும் கூடும்.

அந்தக் கொத்தனாருக்குக் கோபுரம் எழும்பியிருந்தது. மஜ்ஜையும் அதையே சொன்னது. சிகிச்சை தொடங்கியபின் கால் வீக்கம் வடிந்தது, கிரியாட்டினினும் இறங்கியது. இன்று பெல்ட் கட்டிக்கொண்டு தானே நடந்து மருந்துக்கு வருகிறார். ஆனால் அதற்குள் முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்தன. அவர் மறுபடி சாரத்தில் ஏறப்போவதில்லை. போன எட்டு மாதத்தை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியவில்லை. “முதலிலேயே மூத்திரத்தைக் கேட்டிருக்கலாமே, ஐயா” என்று சென்ற முறை அந்த அம்மாள் சொன்னார்கள். வராந்தாவில் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர்களே கண்டுகொண்ட பதில் அது.

வார்டுக்கு ஒரு கட்டில் கொடுத்தால் அதில் ஒருவர் படுத்திருப்பதைக் காணலாம். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுப்பது அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு தங்கை குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் நோயாளிக்குத் தெரியாது. மெக்கின்டயரின் பெயரும் பலருக்குத் தெரியாது. அவர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்